பழைய ஃபோர் வீல் பிக்கப்பை வீட்டு முற்றத்திலேயே சரிசெய்வது: உப்புக்காற்றும் இரண்டு மழையும் உள்ள ஊருக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய ஃபோர் வீல் பிக்கப் (நான்கு சக்கரமும் இழுக்கும் சரக்கு வண்டி) ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தியதும் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "டயர் என்ன சைஸ் போடலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் சிரிக்க மாட்டேன். ஆனால் குமரி மாவட்டத்தில் டயர் கடைசி வேலை. இங்கே வண்டியைத் தின்பது மலைப்பாதையும் பாரமும் இல்லை, உப்பும் ஈரமும்தான். இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) நனைந்த இரும்பு காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும், நடுவில் கடற்காற்று. அதனால் முதலில் சாஸி (வண்டி முழுவதையும் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்), அப்புறம் பிரேக், பிறகு அடிப்பாகம், எஞ்சின், வயரிங், பாடி. மற்ற ஆசைகள் எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டிவரும். நான் செய்தேன், அதைக் கீழே சொல்கிறேன்.

முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு பக்கமும் கமான் பட்டை (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்), டீசல் எஞ்சின், கியர் லீவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் லீவர் என்று இருக்கும் ஜீப் வகைப் பிக்கப்பை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற வண்டிகளுக்கும் வரிசை இதேதான், அளவுகள் மட்டும் மாறும். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தை எப்படியாவது தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை வண்டியா, கடல் வண்டியா

இங்கே விற்பனைக்கு வரும் பழைய பிக்கப்புகள் இரண்டு வகை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் பெட்டி ஏற்றி ஓடியது ஒன்று. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தளத்து இடுக்கு வழியாகச் சாஸிக்குள் இறங்கி அங்கேயே தங்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், பின்பக்கக் குறுக்குச் சட்டம் உள்ளே அப்பளமாக இருக்கும். இன்னொன்று குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து தோட்ட வண்டி. இதில் உப்பு குறைவு. ஆனால் ரப்பர் பால் உறையச் சேர்க்கிற ஃபார்மிக் ஆசிட் கேன் எத்தனை தடவை உள்ளே சாய்ந்ததோ யாருக்குத் தெரியும், தளத்தில் வட்ட வட்டமாக அரித்த அடையாளம் இருக்கும். கிளட்சும் கிராஸும் (சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் ஷாஃப்டின் சிலுவை மூட்டு) தேய்ந்திருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் மலை வண்டியை எடுப்பேன். கிளட்ச் பிளேட் கடையில் கிடைக்கும், நல்ல சாஸி கிடைக்காது.

பார்க்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் போதும். எனக்கு இதைக் கற்றுத்தந்தது மார்த்தாண்டம் பக்கத்து ஆசான் ஒருவர். சாஸியின் முன்முனையிலிருந்து பின்முனை வரை கைச்சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ணங் என்று மணிபோலக் கேட்டது. பின்பக்கக் கமான் பட்டை மாட்டும் இடம் வந்ததும் சத்தம் மாறி, பழைய பானையைத் தட்டியதுபோல டொக்கென்றது. "லே மக்கா, காத வச்சுக் கேளு, இது இரும்பு இல்ல, துரு பேசுகு கேட்டியா" என்றார். ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார், பொடி உதிர்ந்தது. அந்த வண்டியை வாங்காமல் திரும்பினோம்.

காகிதம்

இதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், ஆனால் தாண்டிவிடாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள சாஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். ஃபைனான்ஸ் பாக்கி பதிவு நீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சொந்த உபயோக வண்டி என்றால் 15 வருடப் பதிவுக்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். மஞ்சள் போர்டு சரக்கு வண்டி என்றால் 8 வயது தாண்டியதும் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. பழைய வண்டிக்குக் கட்டணம் கூடிக்கொண்டே போகிறது, அதனால் விலை பேசும் முன் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அன்றைய தொகையைக் கேட்டுவிடுங்கள். கேரளத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று கே.எல். 19, கே.எல். 20 வண்டியைப் பிடித்தால் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, வரி என்று மூன்று வேலை சேரும். அப்போது மலிவு மலிவாக இருக்காது.

இன்னொன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது, எஞ்சின் மாற்றவேண்டும் என்றால் முன் அனுமதி வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. நிறம் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முன்னால் பெரிய இரும்பு புல் பார் மாட்டுவது குற்றம் என்று 2017இலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆகவே இந்த வழிகாட்டியில் "மேம்பாடு" என்று நான் சொல்வது வண்டியை அதன் ஒரிஜினல் அமைப்புக்குள்ளேயே நன்றாக வேலை செய்ய வைப்பதைத்தான்.

இடமும் மாதமும்

தை பிறந்ததும் தொடங்குங்கள். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் இங்கே ஓரளவு காய்ந்திருக்கும், வெல்டிங்கும் பெயின்டும் அதற்குள் முடிய வேண்டும். வீட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி ஷீட் போட்டால் போதும். தரைதான் முக்கியம். நம் செம்மண் முற்றம் காய்ந்திருக்கும்போது கல்லுபோல இருக்கும், ஒரு மழைக்கு ஜாக்கி ஸ்டாண்ட் அப்படியே இறங்கும். ஸ்டாண்டுக்குக் கீழே ஒன்றரை இஞ்ச் பலகை அல்லது இரும்புத் தகடு போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட கீழே படுக்காதீர்கள். செங்கல், கான்கிரீட் கல் எதையும் முட்டுக்கு வைக்காதீர்கள், அது முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

கருவி என்று பெரிதாக வேண்டாம்: நல்ல சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்), நான்கு ஸ்டாண்ட், ஆங்கிள் கிரைண்டர், கிரீஸ் கன், மல்டிமீட்டர். வெல்டிங்குக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுங்கள், போல்ட்டுகளை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மேலே எந்த இடத்து போல்ட் என்று எழுதி ஒட்டுங்கள். நினைவில் இருக்கும் என்று தோன்றும், இருக்காது. பிடித்துப்போன போல்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, காலையில் சுத்தியலால் தலையில் நாலு தட்டுத் தட்டி, முதலில் கொஞ்சம் இறுக்கி அப்புறம் தளர்த்திப் பாருங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும்.

சாஸி

பின்பக்கத் தொட்டியைக் கழற்றித் தூக்கி வைத்துவிடுங்கள். நாலு பேர் வந்தால் முடியும், அன்றைக்குச் சாப்பாடு உங்கள் வீட்டில். டீசல் டாங்கையும் கழற்றி வீட்டுக்கு எட்டத்தில் வையுங்கள். பிறகு சாஸியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி இரண்டு நாள் வெயிலில் விட்டு, வயர் பிரஷ் சக்கரத்தால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். அலுப்பான வேலை. ஒரு வாரம் போகும். ஆனால் முழு வேலையின் ஆயுளும் இந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது.

சாஸி எண் அடித்திருக்கும் இடத்தில் மட்டும் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து மழுங்கினாலும் அது துருவால் போனதா, நீங்கள் அழித்ததா என்று யார் நிரூபிப்பது? அந்த ஒரு சாண் இடத்தைக் கையால், மெல்லிய உப்புத்தாளும் துரு நீக்கும் திரவமும் வைத்துச் சுத்தம் செய்து, பெயின்ட் கனமாக ஏறாமல் கிரீஸ் தடவி மூடி வையுங்கள். எஃப்.சி.க்குப் போகும்போது துடைத்துக் காட்டினால் போதும்.

ஓட்டை விழுந்த இடத்தில் மேலேயே தகடு வைத்து ஒட்டாதீர்கள். அரித்த இரும்பை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டைப் பொருத்தி வெல்டு வைக்க வேண்டும். மேலே பலத்துக்கு ஒரு தகடு வைப்பதென்றால் அதன் ஓரம் செங்குத்து நேர்கோடாக இருக்கக் கூடாது, சாய்சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். நேர்கோட்டில் வெல்டு வைத்தால் அந்தக் கோட்டிலேயே சாஸி கீறிக்கொள்ளும். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி, ஆல்டர்நேட்டர் இணைப்புகளைக் கழற்றிவிடுங்கள், எர்த் கிளாம்ப் வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பேரிங் வழியாக மின்சாரம் போனால் அந்த பேரிங் அதோடு போச்சு.

இனி நான் செய்த முட்டாள்தனம். முதல் வண்டியில் அவசரப்பட்டு, துருவை அரைகுறையாகச் சுரண்டிவிட்டு, அதன்மேல் கறுப்பு ரப்பர் கோட்டிங்கைக் கனமாக அடித்துவிட்டேன். பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருந்தது. ஒரு மழைக்காலம் கழித்துக் கோட்டிங்கில் கொப்புளம் மாதிரி ஒன்று தெரிந்தது. நகத்தால் கீறினேன், உள்ளேயிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வழிந்தது. ஈரத்தை வெளியே விடாமல் நானே மூடி போட்டு வைத்திருக்கிறேன். அதன் பிறகு செய்வது இதுதான்: வெறும் இரும்பு வரும்வரை தேய்த்து, எட்டாத இடுக்குகளில் மட்டும் துரு மாற்றி திரவம் அடித்து, இரண்டு கை எபாக்சி பிரைமர், அதன்மேல் சாஸி பெயின்ட், பெட்டிச் சட்டங்களின் உள்ளே நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்பிரே. சாஸியின் வடிகால் துளைகளை எதுவும் அடைக்கக் கூடாது. பழைய எஞ்சின் ஆயிலைக் கீழே பீய்ச்சும் பழக்கம் நம்மூரில் உண்டு. துருவைக் கொஞ்சம் தடுக்கும், உண்மைதான். ஆனால் ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், முற்றத்துக் கிணற்றுக்கும் நல்லதில்லை.

பிரேக்

எஞ்சின் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே நிற்குமா என்று பார்ப்பதுதான் முறை. நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். வீல் சிலிண்டரின் (பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன உருளை) ரப்பர் மூடியைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கசிவு. பிஸ்டனை வெளியே எடுத்து உள்சுவரில் விரலை விட்டுச் சுற்றுங்கள், நகத்தில் குழி தட்டினால் ஹோனிங் செய்து (உள்சுவரை உரசி வழவழப்பாக்கி) ஓட்டலாம் என்ற யோசனையே வேண்டாம், புதிது போடுங்கள். நீண்டநாள் நின்ற வண்டியில் இது பெரும்பாலும் போயிருக்கும், காரணம் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம்மூர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது. இரும்பு பிரேக் குழாய்களும் கிளிப்புக்குக் கீழேதான் முதலில் அரிக்கும், கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள். ஹோஸ்கள் எல்லாம் புதிது, பேச்சே இல்லை.

பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுப்பதற்கு முன் பிரேக் ஷூவை அட்ஜஸ்ட் செய்யுங்கள், டிரம் சுற்றும்போது லேசாக உரச வேண்டும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் உருளை) தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. வீல் சிலிண்டரில் காற்று எடுக்கும் திருகான நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். என் வீட்டில் பெடல் மிதிப்பது மனைவி. "மிதி" என்றால் மிதித்துப் பிடித்துக்கொள்வாள், நான் நிப்பிளைத் திறப்பேன், குழாயில் முத்து முத்தாகக் குமிழ் ஓடும், மூடியதும் "விடு" என்பேன். நான் மூடுவதற்கு முன் அவள் விட்டுவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கு மூன்று முறை தொடங்கினோம். "இனி நான் கீழ படுக்கேன், நீங்க மேல வந்து மிதியுங்க" என்றாள். இடையிடையே மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பெடல் கல்லுபோல நிற்க வேண்டும், பஞ்சுபோல இறங்கினால் வேலை முடியவில்லை.

கமான் பட்டை, ஸ்டியரிங், ஹவுசிங்

உட்கார்ந்துபோன கமான் பட்டைக்கு ஒரு பட்டை கூட்டிப் போடச் சொல்லும் ஆட்கள் நிறைய. பாரம் ஏற்றினால் நன்றாக இருக்கும், வெறும் வண்டியில் போனால் இடுப்பு கேட்கும். பட்டறையில் கொடுத்துப் பட்டைகளைப் பிரித்து, வளைவு எடுத்து, சூடேற்றிப் பதம் வைத்து வாங்குவது நல்லது. கீறல் விட்ட பட்டையை மட்டும் மாற்றுங்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும், அவற்றை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட்டும் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் ஷாக்கிள் போல்ட்டுகளை (பட்டை முனையைச் சாஸியோடு மாட்டுபவை) கடைசியாக இறுக்குவது வண்டி சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்தபடியே இறுக்கினால் இறக்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும்.

அறுபதில் போகும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடினால் உடனே டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்காதீர்கள், அது நோயை மறைக்கும், தீர்க்காது. கிங்பின் பேரிங், டை ராட் எண்ட், முன் வீல் பேரிங் மூன்றையும் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங்பின், வீல் பேரிங் ஆட்டம் தெரியும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் ஆட்டம் தெரியும்.

டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் (ஆக்சில் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் பெட்டி) வடிகால் போல்ட்டைத் திறந்து வரும் ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இதற்கு மருந்து மிக மலிவு: இரண்டு ஹவுசிங்கின் மூச்சுத்துளையிலும் ஆயில் தாங்கும் குழாயை மாட்டி, எஞ்சின் அறையின் மேல்பக்கம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். இந்த வழிகாட்டியில் காசுக்கு அதிகப் பலன் தரும் மேம்பாடு இதுதான்.

எஞ்சின்

இறக்கிப் பிரிப்பதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் ரயில் எஞ்சின் மாதிரி புகை தள்ளினால் ரிங் தேய்மானம். நீலப் புகை ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் கோளாறு ஏர் ஃபில்டர், டீசல் பம்ப் அல்லது நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை). கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவு) பார்க்க மீட்டர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் கேளுங்கள், நாலு சிலிண்டருக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் ஹெட்டைத் தூக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். பம்ப்பையும் நாசிலையும் வீட்டில் தொடாதீர்கள், கலிபரேஷன் மிஷின் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது: டாங்கைக் கழுவுவது, ஃபில்டர்கள் மாற்றுவது, ஃபில்டர் தலையிலுள்ள போல்ட்டைத் தளர்த்திக் கைப்பம்ப் அடித்துக் காற்று எடுப்பது. பிறகு ரேடியேட்டர். கடற்கரை ஊர்களில் போர் தண்ணீர் உப்பு, அதை ஊற்றி ஊற்றியே பாதி ரேடியேட்டர் அடைந்திருக்கும். கூலண்டும் நல்ல தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். சூடாகிறது என்று யாரோ கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடி டீசலைக் குடிக்கும். நாள்பட நின்ற எஞ்சினை முதல்முறை எடுக்கும்போது எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பிறகு விடுங்கள்.

வயரிங்

பழைய வண்டியின் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பகுதி எர்த் கோளாறு. பேட்டரியிலிருந்து சாஸி, சாஸியிலிருந்து எஞ்சின், சாஸியிலிருந்து பாடி என்று மூன்று எர்த் பட்டைகளையும் புதிதாக, இரும்பு தெரியத் தேய்த்த இடத்தில் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். ஹெட்லைட் மங்கல் என்று நூறு வாட் பல்பு போடுகிறார்கள், சட்டப்படியும் தப்பு, ஸ்விட்சும் உருகும். இரண்டு 60 வாட் பல்பும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும், அது பழைய ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும்போதே ஓல்ட்டேஜ் இறங்கிவிடுகிறது. லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் தனித்தனி ரிலே (சின்ன மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்துப் பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேராக வயர் கொடுங்கள், அதே பல்பு வேறு பல்பு மாதிரி எரியும்.

பாடி, பெயின்ட்

டிங்கரிங் வேலையில் என் கருத்து ஒன்றுதான்: பட்டி கனமாகப் பார்க்காதீர்கள். உப்புக்காற்றில் பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்து கட்டியாக விழும். பின்தொட்டித் தளத்துக்கு முழுதும் இரும்புத் தகடு போடுவதைவிட, குறுக்கே சட்டம் வைத்து அயனி மரப் பலகை பாவுவது எனக்குப் பிடிக்கும். பலகைகளுக்கு நடுவே ஒரு விரல்நுனி இடைவெளி விட்டால் தண்ணீர் தங்காது, ஆசிட் சிந்தினால் ஒரு பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஹார்டனர் கலக்கும் பியூ பெயின்டில் ஐசோசயனேட் உண்டு, கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கெல்லாம் அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி இல்லையென்றால் பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அடிப்பதாக இருந்தால் சாதாரண எனாமல் போதும், தோட்ட வண்டிக்கு அதுவே அழகு. ஆடியில் ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் திறந்த வெளியில் பெயின்ட் அடிக்கும் எண்ணமே வேண்டாம். காற்றாடிகள் சும்மாவா அங்கே நிற்கின்றன? சொந்தக்காரர் ஒருவர் அடித்தார், பானெட் முழுக்க மணல் ஒட்டி உப்புத்தாளாகவே ஆகிவிட்டது.

இனி டயர்

215/75 ஆர் 15 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 703 மில்லி. 235/75 ஆர் 15 போட்டால் 733. முப்பது மில்லி கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதி, 15 மில்லிதான். மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள், ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும், பிரேக்குக்குப் பாரம் கூடும். அதற்கு மேல் பெரிதாக ஆசைப்படாதீர்கள். சகதிக்கு அகலத்தைவிடப் பட்டன் ஆழம்தான் உதவும். மாட்டிக்கொண்டால் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், டயர் பரந்து பிடிக்கும். ரோட்டுக்கு வந்ததும் அடித்துவிட வேண்டும், அதனால் சின்ன கம்ப்ரசர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். முன்னும் பின்னும் சாஸியில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கி வையுங்கள், பம்பரில் மாட்டுவது கொக்கி இல்லை, அலங்காரம்.

ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போடாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும், இந்த வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த வித்தியாசம் ஷாஃப்டில் முறுக்காக ஏறி, லீவர் இறுகிக்கொண்டு, கடைசியில் கிராஸ் உடையும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கைத் தானே விட்டுவிடும்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்துக்குத் தெரிந்தவர் தோட்டத்துச் சரிவு போதும். காளிகேசத்துக்கு அப்பால் காட்டுக்குள் விட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள், அது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், அனுமதி இல்லாமல் உள்ளே போனால் வண்டியை வனத்துறை அலுவலகத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும். முதல் நூறு கிலோமீட்டரில் யூ போல்ட், வீல் நட், ஷாஃப்ட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். என் வண்டியில் யூ போல்ட் நட்டுகள் எல்லாமே கால் சுற்றுக்கு மேல் போயின, புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து இறங்கியிருந்தன. 500 கிலோமீட்டரில் ஹவுசிங் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். எனக்குப் பின்ஹவுசிங் தேன் நிறத்தில் வந்தது. முன்ஹவுசிங்கில் மறுபடி பால் டீ. மூச்சுக்குழாயை மேலே ஏற்றியவன், ஆக்சில் முனையிலிருக்கும் பழைய ஆயில் சீலை மாற்ற மறந்திருக்கிறேன். வண்டி இப்போது திரும்ப ஸ்டாண்டில் நிற்கிறது, வலப்பக்க ஹப் கழற்றியாச்சு.